ஜோடிக்கு இவ்வளவு என்று எழுதித் தாருங்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, வேலூர் வட்டாரப் பொதுமக்களுக்கு:

வீட்டிலிருந்தபடியே ஷூ தைக்கும் பெண்கள் நாங்கள். கம்பெனியில் வெட்டிய தோல், ஏஜெண்ட் மூலம் மூட்டையாக எங்கள் திண்ணைக்கு வருகிறது. மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுக்கிறோம். ஜோடிக்குச் சில ரூபாய் கிடைக்கிறது. ரசீதும் இல்லை, நோட்டும் இல்லை.

நம் குடியாத்தத்தில் வீட்டில் பீடி சுற்றும் பெண்களுக்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டம் 2025 நவம்பர் வரை இருந்தது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று அரசு கூலி நிர்ணயிக்கிறது. அவர்களுக்கும் வருங்கால வைப்பு நிதி உண்டென 1985-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கும் குறைகள் உண்டு. ஆனால் உரிமை கேட்க ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்குதான் எங்களுக்கும் வேண்டும்.

"கூலி கூடினால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும்" என்கிறார்கள். அந்தப் பயம் எங்களுக்கும் உண்டு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது வேலை நின்றுவிடுமோ என்று நாங்களும் கலங்கினோம். ஒரு ஊரில் மட்டும் கூலி உயர்ந்தால் மூட்டை அடுத்த ஊருக்குப் போகலாம். அதனால்தான் மாநிலம் முழுவதற்கும் ஒரே ஜோடிக் கூலி கேட்கிறோம். அப்போது நியாயமாகக் கொடுக்கும் முதலாளி, அடிமாட்டுக் கூலி கொடுப்பவரிடம் தோற்க வேண்டியிருக்காது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பும், மத்திய அரசு நிர்ணயிக்கும் அடிப்படை ஊதியத்துக்குக் கீழே எந்த மாநிலமும் இறங்கக் கூடாது என்கிறது.

எங்களுக்குக் கூடுதலாக வரும் ரூபாய் உள்ளூர் மளிகைக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும்தான் போகும். நாங்கள் கேட்பது சலுகையும் அல்ல: குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது.

எனவே கேட்டுக்கொள்கிறோம்:

ஏஜெண்டுகளே, கொடுத்த ஜோடியையும் கூலியையும் நோட்டில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

கம்பெனி உரிமையாளர்களே, ஏஜெண்டுக்குக் கொடுக்கும் தொகையில் தைப்பவரின் பங்கு எவ்வளவு என்று வெளிப்படையாக அறிவியுங்கள்.

ஊராரே, மே 1 கிராம சபையில், வீட்டில் ஷூ தைப்பவருக்கு ஜோடிக் கூலியை அரசு நிர்ணயிக்க வேண்டுமென்ற தீர்மானத்துக்குக் கை தூக்குங்கள். தைக்கும் பெண்கள் அனைவரும் அன்று வருவோம். எங்கள் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

இப்படிக்கு,
வீட்டிலிருந்து ஷூ தைக்கும் பெண்கள்,
ஆம்பூர் வட்டாரம்