குடத்துக்குள் வைத்த விளக்குகள்

சந்தையில் நன்றாக விற்ற பொருள் எல்லாம் நல்ல பொருளா? இல்லை. விற்காமல் கிடந்தது எல்லாம் மட்டமான பொருளா? அதுவும் இல்லை. காய்கறி வாங்கும் தாய்மார்களுக்கு இது நன்றாகத் தெரியும். கூடையின் அடியில் கை விட்டுப் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

பாட்டு கேட்பதில் மட்டும் நாம் அப்படிச் செய்வதில்லை. மேலாகக் கிடப்பதை எடுத்துக்கொள்கிறோம். ஊர் எதைக் கேட்கிறதோ அதையே நாமும் கேட்கிறோம்.

மேல்நாட்டு மெல்லிசையில் இப்படி அடியில் கிடந்த ஆல்பங்கள் பல உண்டு. ஆல்பம் என்பது பத்துப் பன்னிரண்டு பாட்டுகள் சேர்ந்த தொகுப்பு. மெல்லிசை என்றால் முழக்கம் இல்லாமல், குரலுக்கு முதல் இடம் கொடுத்துப் பாடுவது. குழந்தை தூங்கும் வீட்டிலும் அதைக் கேட்கலாம். அப்படிப்பட்ட 4 ஆல்பங்களை இந்த வாரம் எடுத்துச் சொல்கிறோம். நான்கையும் பாடியவர்கள் பெண்கள். நான்குமே உரிய காலத்தில் உரிய மதிப்பைப் பெறாதவை.

99-வது இடம்!

1960-களில் இங்கிலாந்தில் கொடிகட்டிப் பறந்த பாடகி டஸ்டி ஸ்பிரிங்பீல்டு. 1968 செப்டம்பரில் அவர் அமெரிக்காவிலுள்ள மெம்பிஸ் நகருக்குப் பாடப் போனார். அங்கே அவருக்குப் பயம் வந்துவிட்டது. பெரிய பாடகர்கள் நின்று பாடிய இடத்தில் நாம் பாடுவதா என்று தயங்கினார். வாத்திய இசை மெம்பிஸில் பதிவாயிற்று. அவருடைய குரலைப் பிறகு நியூயார்க் நகரில்தான் பதிவு செய்ய முடிந்தது.

"டஸ்டி இன் மெம்பிஸ்" என்ற அந்த ஆல்பம் 1969-ல் வெளிவந்தது. அதில் ஒரு பாட்டு மட்டும் முதல் 10 இடங்களுக்குள் வந்தது. ஆல்பமோ அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 99-வது இடத்தோடு நின்றுவிட்டது.

இன்று கேட்டுப் பாருங்கள். டஸ்டி எங்கும் கத்துவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ரகசியம் சொல்வதுபோலப் பாடுகிறார். அவர் 1999-ல் காலமானார். 2020-ல் அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம், நாடு பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளில் ஒன்றாக இதைச் சேர்த்தது. அன்று கடைக்காரருக்கு வேண்டாத சரக்கு, பின்னால் நாட்டுக்கே சொத்தாகிவிட்டது!

பெட்டியில் பூட்டிய பாட்டு

அண்ணன் ரிச்சர்டும் தங்கை கேரனும் சேர்ந்து "கார்ப்பென்டர்ஸ்" என்ற பெயரில் பாடி உலகப் புகழ் பெற்றவர்கள். 1979-ல் அண்ணன் தூக்க மாத்திரைப் பழக்கத்திலிருந்து விடுபட ஓய்வில் இருந்தார். அப்போது கேரன் தனியாக ஓர் ஆல்பம் பாட முன்வந்தார். நியூயார்க்கில் பில் ரமோன் என்ற தயாரிப்பாளரிடம் பாடினார். 1980-ல் வேலை முடிந்தது. கம்பெனி கேட்டுப் பார்த்தது. "வெளியிட வேண்டாம்" என்று பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டது.

கேரன் மனம் எப்படி இருந்திருக்கும்? சாப்பாட்டை வெறுக்க வைக்கும் நோய் அவருக்கு ஏற்கெனவே இருந்தது. 1983 பிப்ரவரி 4-ந் தேதி அவர் இறந்தார். வயது 32. அந்த ஆல்பம் 1996-ல்தான் வெளிவந்தது. கேட்கக் கேரன் இல்லை.

உள்ளதைச் சொல்ல வேண்டும். அதில் எல்லாப் பாட்டும் தங்கம் அல்ல. கேரனின் அழகு அவருடைய தாழ்ந்த குரலில் இருக்கிறது. இங்கே பல இடங்களில் உயர்ந்த குரலில் பாடுகிறார். ஆனாலும், தன் காலில் நிற்க ஒரு பெண் எடுத்த முயற்சி அது. நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை, கேட்பவர்களுக்கு 16 ஆண்டுகள் மறுக்கப்பட்டது. அதுதான் குறை.

குதிரை வண்டியில் பிறந்த இசை

வாஷ்டி பன்யன் என்ற இளம்பெண் 1968-ல் லண்டனை விட்டுக் கிளம்பினார். ரயிலில் அல்ல, குதிரை வண்டியில்! ஸ்காட்லாந்தின் தீவுகளை நோக்கிப் போன அந்தப் பயணம் ஓர் ஆண்டுக்கு மேல் நடந்தது. வழியில் கண்ட வயல், மழை, ஆடு மாடு எல்லாம் பாட்டாயின. "ஜஸ்ட் அனதர் டைமண்ட் டே" என்ற பெயரில் 1970-ல் அது வெளிவந்தது. வாங்க ஆள் இல்லை. வாஷ்டி பாடுவதையே விட்டுவிட்டுப் பிள்ளைகளை வளர்க்கப் போய்விட்டார்.

30 ஆண்டுகள் ஓடின. பழைய பிரதிகளைச் சிலர் தேடித் தேடி வாங்கினார்கள். 2000-ல் மறுபதிப்பு வந்தது. புதிய தலைமுறை கொண்டாடியது. 2005-ல் வாஷ்டி தம் இரண்டாவது ஆல்பத்தைப் பாடினார். இரண்டுக்கும் நடுவில் 35 ஆண்டுகள்!

எந்த அலமாரியில் வைப்பது?

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் வட்டாரத்தில் பாடியவர் ஈவா கேசிடி. பிழைப்புக்குச் செடிப்பண்ணையில் வேலை செய்தார். நாட்டுப்பாட்டு, ஜாஸ், பக்திப் பாட்டு எல்லாம் அவருக்கு வரும். அதுவே அவருக்கு இடைஞ்சலாயிற்று. "இவரை எந்த அலமாரியில் வைத்து விற்பது?" என்று கம்பெனிகள் குழம்பின. "ஒரே வகையில் பாடு" என்றால் ஈவா சம்மதிக்கவில்லை. 1996 நவம்பரில், 33-வது வயதில், தோல் புற்றுநோயால் மறைந்தார்.

அவர் பாடி வைத்தவற்றிலிருந்து 10 பாட்டுகளைத் தொகுத்து 1998-ல் "சாங்பேர்டு" என்ற ஆல்பத்தை வெளியிட்டார்கள். பி.பி.சி. வானொலியில் டெரி வோகன் என்ற அறிவிப்பாளர் தம் காலை நிகழ்ச்சியில் அவர் பாட்டை ஒலிபரப்பினார். கேட்டவர்கள் "இது யார்?" என்று கேட்டார்கள். 2001-ல் அந்த ஆல்பம் இங்கிலாந்தில் முதல் இடத்தைப் பிடித்தது. பாடியவர் இறந்து 4 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

நம் கையில் இருப்பது

இந்த 4 கதைகளிலும் குரலில் குறை இல்லை. ஒருவரைக் கம்பெனி தடுத்தது. ஒருவருக்கு அலமாரி கிடைக்கவில்லை. இருவரை வாங்குவோர் கவனிக்கவில்லை. விற்பனைப் பட்டியல் ஒரு வாரத்தில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்றுதான் சொல்லும். பாட்டு எத்தனை ஆண்டு வாழும் என்று அது சொல்லாது.

இன்று பாட்டு கைப்பேசியில் கிடைக்கிறது. தேடினால் இந்த 4 ஆல்பங்களும் அகப்படும். ஆனால் கைப்பேசியும் பலர் கேட்டதையே முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. பணக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் மொய் குவிவதுபோல, கேட்ட பாட்டுக்கே மேலும் கேள்வி சேருகிறது. கேட்காத பாட்டு அடியிலேயே கிடக்கிறது.

"எனக்கு ஆங்கிலம் தெரியாதே" என்கிறீர்களா? தாலாட்டுக் கேட்டுத் தூங்கும் குழந்தைக்கு எந்த மொழி தெரியும்? குரலில் இருக்கும் துயரமும் மகிழ்ச்சியும் அகராதி இல்லாமலே புரியும். வீட்டில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளை இருந்தால், பொருள் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் படிப்பு, பெரியவர்களுக்கும் பாட்டு!

ஞாயிற்றுக்கிழமை மாலை அரை மணி அல்லது முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஓர் ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, நடுவில் தாவாமல், குடும்பத்தோடு கேளுங்கள். எதிலிருந்து தொடங்குவது? ஈவாவின் "சாங்பேர்டு" எல்லோருக்கும் எளிது. பிடிக்கவில்லை என்றால் நஷ்டம் இல்லை. பிடித்தால், இன்னும் ஒருவருக்குச் சொல்லுங்கள்.

வானொலியில் ஒருவர் எடுத்துச் சொன்னதால்தான் ஈவாவை உலகம் கேட்டது. அந்த ஒருவர் 5 ஆண்டு முந்தியிருந்தால், ஈவாவே அந்தக் கைதட்டலைக் கேட்டிருப்பார். பாடுகிறவர் உயிரோடு இருக்கும்போதே நம் காதைக் கொடுப்போம்.