டாக்டர்கள் பெருகுகிறார்கள், ஊருக்கு வருகிறார்களா?

கட்டடம் இருக்கிறது. கட்டில் இருக்கிறது. ஆபரேஷன் அறைகூட இருக்கிறது. ஆபரேஷன் செய்ய டாக்டர் இல்லை!

இந்தியாவின் கிராமப்புற ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இதுதான் நிலைமை. இதைச் சொல்வது மத்திய அரசின் கணக்கே!

கிராம மக்களுக்காக "சமுதாய சுகாதார நிலையம்" என்ற ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் நடத்துகிறது. ஒவ்வொன்றிலும் 30 படுக்கை. ஒவ்வொன்றிலும் 4 நிபுணர்கள் இருக்க வேண்டும். ஆபரேஷன் செய்பவர் ஒருவர். பொது மருத்துவ நிபுணர் ஒருவர். பிரசவ நிபுணர் ஒருவர். குழந்தை வைத்திய நிபுணர் ஒருவர்.

2021-22-ம் ஆண்டுக் கணக்கு என்ன சொல்கிறது? நாடு முழுவதும் இருக்க வேண்டிய இந்த நிபுணர்களில், 100-க்கு ஏறக்குறைய 80 பேர் இல்லை!

இது வெறும் எண் அல்ல. நடு இரவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுக்கிறது. குழந்தை குறுக்கே கிடக்கிறது. பக்கத்து ஆஸ்பத்திரியில் நிபுணர் இல்லை. "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்" என்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரியோ பல மைல் தூரம். இடையில் போகும் ஒவ்வொரு நிமிடமும் இரண்டு உயிர்களின் கணக்கு!

அரசாங்கம் என்ன செய்கிறது?

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. மருத்துவக் கல்லூரிகளைத் திறந்துகொண்டே இருக்கிறது.

2014-க்கு முன்பு நாட்டில் சுமார் 51 ஆயிரம் எம்.பி.பி.எஸ். இடங்கள் இருந்தன. 2024-ல் அது 1 லட்சத்து 10 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. "5 ஆண்டில் மேலும் 75 ஆயிரம் மருத்துவ இடங்கள்" என்று 2024 சுதந்திர தினத்தன்று பிரதமர் அறிவித்தார்.

தமிழ்நாட்டில் 2022 ஜனவரி 12-ந் தேதி ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அவற்றில் 1,450 இடங்கள். செலவு சுமார் 4 ஆயிரம் கோடி ரூபாய்.

நர்சுகளுக்கும் திட்டம் உண்டு. புதிய மருத்துவக் கல்லூரிகளின் பக்கத்திலேயே 157 நர்சிங் கல்லூரிகள் தொடங்கப்படும் என்று 2023-ம் ஆண்டு மத்திய பட்ஜெட் சொன்னது.

எல்லாம் நல்ல வேலைதான். ஆனால் இது மட்டும் போதுமா?

9 ஆண்டுக் கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எம்.பி.பி.எஸ். படிப்பு நாலரை ஆண்டு. பிறகு ஆஸ்பத்திரியில் ஓர் ஆண்டுப் பயிற்சி. நிபுணர் ஆக வேண்டுமானால் மேலும் 3 ஆண்டு. நடுவில் நுழைவுத் தேர்வு. மொத்தம் 9 ஆண்டு ஆகிவிடும்.

இன்று கல்லூரியில் சேரும் பிள்ளை நிபுணராக வெளியே வரும்போது, இன்று பிறக்கும் குழந்தை நாலாம் வகுப்புப் படிக்கும்!

அதுவரை நோய் காத்திருக்குமா?

இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு நிபுணர் தனியாக வந்து பயன் இல்லை. பிரசவ நிபுணர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் இல்லாவிட்டால், அவர் எப்படி வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுப்பார்? ரத்தம் வேண்டும். நர்சு வேண்டும். பரிசோதனை செய்பவர் வேண்டும். வண்டிக்கு ஒரு மாடு போதாது என்பது போலத்தான் இதுவும்.

டாக்டரும் மனிதர்தான். குடியிருக்க வீடு வேண்டும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வேண்டும். கருவி இல்லாத இடத்தில், கற்ற தொழிலையே மறந்துவிடுவோமோ என்ற பயமும் அவருக்கு உண்டு.

அன்றே சொன்னார்கள்!

இந்தக் கவலை புதியது அல்ல.

வெள்ளைக்காரர் ஆட்சியில், 1943-ல், ஜோசப் போர் என்பவர் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். அது 1946-ல் அறிக்கை கொடுத்தது. அப்போது இந்தியாவில் 6,300 பேருக்கு ஒரு டாக்டர்தான். நர்சு? 43 ஆயிரம் பேருக்கு ஒருவர்! நாடு முழுவதும் 7 ஆயிரம் நர்சுகளே இருந்தார்கள்.

அந்தக் கமிட்டியில் ஒரு தமிழர் இருந்தார். அவர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார். நெடுங்காலம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். பிரசவ வைத்தியத்தில் பெயர் பெற்றவர்.

சுதந்திரத்துக்குப் பிறகு அவர் தலைமையிலேயே இன்னொரு கமிட்டி அமைந்தது. அது 1961-ல் அறிக்கை கொடுத்தது. அதன் முக்கியமான யோசனை என்ன தெரியுமா? "புதிது புதிதாக ஆரம்ப சுகாதார நிலையங்களைத் திறப்பதற்கு முன்பு, திறந்திருப்பவற்றைப் பலப்படுத்துங்கள்" என்பதுதான்!

60 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. யோசனை பழையது ஆகவில்லை.

3 நர்சுகள் செய்த மாறுதல்

பலப்படுத்தினால் பலன் கிடைக்குமா? கிடைக்கும். தமிழ்நாடே அதற்கு அத்தாட்சி.

பிரசவ வலி பகலில்தான் வரும் என்று விதி இல்லை. ஆனால், ஆரம்ப சுகாதார நிலையங்கள் பல, பகல் நேர ஆஸ்பத்திரிகளாகவே இருந்தன. 2000-க்குப் பிந்திய ஆண்டுகளில் தமிழக அரசு ஒரு சின்னக் கணக்குப் போட்டது. ஒரு நாளைக்கு 24 மணி நேரம். ஒரு நர்சுக்கு 8 மணி நேர வேலை. ஆகவே ஒரு நிலையத்துக்கு 3 நர்சுகள்!

இப்படி 3 நர்சுகளைப் போட்டதும், இரவிலும் விளக்கு எரிந்தது. கதவு திறந்திருந்தது. கிராமத்துப் பெண்கள் நம்பி வந்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவங்கள் பெருகின.

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 100-க்கு 99-க்கு மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளில் நடக்கின்றன. இந்தியா முழுவதற்கும் இது 100-க்கு சுமார் 89.

மாளிகை கட்டவில்லை. சரியான ஆளை, சரியான இடத்தில், சரியான நேரத்தில் வைத்தார்கள். அவ்வளவுதான்!

டாக்டருக்கு ஒரு தூண்டுகோல்

தமிழ்நாட்டில் இன்னொரு நல்ல ஏற்பாடும் நெடுங்காலமாக இருந்தது. அரசு மருத்துவக் கல்லூரிகளின் மேல்படிப்பில், மாநிலத்துக்கு உரிய இடங்களில் பாதி, அரசாங்க டாக்டர்களுக்கு ஒதுக்கப்பட்டது. கிராமத்தில் வேலை பார்த்தால் மேல்படிப்பு. படித்து முடித்தால் மீண்டும் அரசாங்க ஆஸ்பத்திரி. டாக்டருக்கும் லாபம். ஊருக்கும் லாபம்.

2017-ல், அகில இந்திய விதிகளின் காரணமாக இது தடைப்பட்டது. டாக்டர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2020 ஆகஸ்டு 31-ந் தேதி, சுப்ரீம் கோர்ட்டின் 5 நீதிபதிகள் தீர்ப்புக் கூறினார்கள். இப்படி இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்பதே தீர்ப்பு.

நர்சின் பானையில் சோறு

டாக்டரைப் பற்றிப் பேசுகிறோம். நர்சை மறந்துவிடுகிறோம்!

2017 நவம்பரில் சென்னையில் ஏராளமான அரசு நர்சுகள் போராடினார்கள். தேர்வு எழுதி வேலைக்கு வந்தவர்கள் அவர்கள். ஆனால் நிரந்தரம் இல்லை. அப்போது அவர்களுக்குக் கிடைத்த சம்பளம் மாதம் 7,700 ரூபாய்!

24 மணி நேரமும் ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்து வைப்பவர் நர்சு. அவருக்கு நாளைய சம்பளம் நிச்சயம் இல்லை என்றால், வெளிநாட்டுக்கு விமானம் ஏறத்தானே நினைப்பார்? அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. இங்கே செலவழித்துப் படிக்க வைக்கிறோம். பலனை வேறு நாடு அனுபவிக்கிறது.

எல்லோருக்கும் ஒரே அளவா?

2023-ல் தேசிய மருத்துவ ஆணையம் ஒரு விதி சொன்னது. 10 லட்சம் மக்களுக்கு 100 எம்.பி.பி.எஸ். இடம் என்பதே அளவு. அதற்கு மேல் போகக்கூடாது என்றது. தமிழ்நாட்டில் அந்த அளவுக்கு மேல் இடங்கள் ஏற்கனவே இருந்தன. அதாவது, இங்கே புதிய கல்லூரி வராது!

தமிழக அரசு எதிர்த்தது. விதி அந்த ஆண்டே தள்ளி வைக்கப்பட்டது.

குறைவாக உள்ள மாநிலங்களுக்கு அதிகம் கொடுக்க வேண்டியது நியாயம். அதற்காக, முந்தி ஓடியவனின் காலைக் கட்டலாமா? பிந்தியவனுக்கு அல்லவா கை கொடுக்க வேண்டும்?

அதே சமயம், இடம் அதிகம் இருக்கிறது என்று தமிழ்நாடு திருப்தி அடைந்துவிடவும் முடியாது. பட்டணத்தில் தெருவுக்கு ஒரு டாக்டர் இருக்கலாம். மலையில் இருப்பவருக்கு அதனால் என்ன?

4 கேள்விகள்

இனி ஒரு மருத்துவத் திட்டம் அறிவிக்கப்பட்டால், நாம் 4 கேள்விகள் கேட்க வேண்டும்.

1. படித்து வருகிறவர் எந்த ஊருக்குப் போவார்?

2. அவருடன் வேலை செய்ய நர்சும் மற்றவர்களும் உண்டா?

3. அவர்களுக்கு வீடும், நிரந்தர வேலையும், ஒழுங்கான சம்பளமும் உண்டா?

4. இந்த ஆண்டு காலியாக இருக்கும் இடங்கள் இந்த ஆண்டே நிரப்பப்படுமா?

கல்லூரி திறப்பு விழாவுக்கு ஒரு நாள் போதும். ஆஸ்பத்திரியில் ஆள் இருக்க வேண்டியது 365 நாளும்!