திரைக்கதைக்கும் பாயிரம் வேண்டும்

நூல் எத்துணை விரிந்ததாயினும் பாயிரம் இல்லையேல் அது நூலாகாது என்பது நன்னூலார் கொள்கை. சிறப்புப்பாயிரம் உணர்த்த வேண்டியவை எட்டு என வகுத்த பவணந்தியார், ஆக்கியோன் பெயரும் நூற்பெயரும் கேட்டதோடு நில்லாமல், நுதலிய பொருள் யாது, கேட்போர் யாவர், பயன் யாது என்றும் கேட்கிறார். கோடம்பாக்கத்துத் தயாரிப்பாளர், கதை சொல்ல வந்த இளைஞரிடம் முதலில் அறிய விரும்புவனவும் இம்மூன்றே. இரண்டு மணி நேரம் அமர்ந்து முழுக்கதையையும் கேட்க அவர் இசைவாரா என்பதை, அவ்விளைஞர் தொடக்கத்தில் கூறும் ஒரு வரியே பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது. திரைத்துறையினர் அதனை 'ஒன்லைன்' என்றும் 'நாட்' என்றும் வழங்குவர். (காட்சிகளின் வரிசைப் பட்டியலையும் 'ஒன்லைன்' என்பதுண்டு, அது வேறு.) நாம் ஒருவரிக் கதை என்போம். இதனை எழுதப் பயிற்றுவிப்பது தமிழ்த்துறையின் பணிகளுள் ஒன்று என்பது என் துணிபு.

தமிழுக்கு இது புதிதன்று. குறுந்தொகைப் பாடல்களின் அடியில் அமைந்துள்ள கூற்றுக் குறிப்புகளை மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துவிடுகின்றனர். பேசுபவர் யார், யாரிடம் பேசுகிறார், எந்த இக்கட்டில் பேசுகிறார் என்பதை ஒரே தொடரில் அடக்கிவிடும் குறிப்புகள் அவை. பாட்டின் உவமையோ, நிலத்தின் அழகோ அவற்றில் இரா. நெருக்கடி மட்டுமே இருக்கும். ஒருவரிக் கதைக்கு இதனினும் சிறந்த இலக்கணத்தை அயல்நாட்டு நூல்களில் தேட வேண்டியதில்லை.

நம் மண்ணிலிருந்தே சான்று காட்டலாம். அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜாவின் முதற்படம் '16 வயதினிலே' (1977). ஆசிரியையாக விரும்பும் பதினாறு வயதுக் கிராமத்துப் பெண், நகரத்திலிருந்து வந்த மருத்துவனை நம்பி ஏமாந்து, ஊர் எள்ளி நகையாடும் சப்பாணியிடம் அடைக்கலம் காண்கிறாள். சீனு ராமசாமியின் 'தென்மேற்குப் பருவக்காற்று' (2010) தேனி வட்டாரத்தைக் களமாகக் கொண்டது. ஆடு மேய்க்கும் மகன், ஆடு திருடும் குடும்பத்துப் பெண்ணை விரும்புகிறான். தனியளாய் அவனை வளர்த்த தாயோ வேறு பெண்ணைப் பேசி முடிக்கிறாள். இவ்விரண்டிலும் ஒரு விருப்பம் உண்டு. அதனை மறித்து நிற்கும் ஒன்றும் உண்டு.

லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) சற்று நின்று நோக்கத்தக்கது. ஏலக்காய் மூட்டையைச் சுமந்து மலையிறக்கும் நிலமற்ற கூலி ஒருவன், ஒரு துண்டு நிலம் வாங்கப் பல்லாண்டு பாடுபடுகிறான்; வாங்கிய நிலத்தையும் இழந்து, அங்கு நாட்டப்பட்ட காற்றாலைக்குக் காவற்காரனாகிறான். ஒருவரிக் கதையில் முடிவைச் சொல்லலாகாது என்பது பொதுவாகக் கூறப்படும் விதி. இங்கு முடிவை மறைத்தால் எஞ்சுவது என்ன? நிலம் வாங்க ஆசைப்பட்ட ஏழை என்னும் வழக்கமான கதையே. தன் நிலத்துக்குத் தானே கூலிக் காவலன் என்னும் முரணில்தான் இப்படத்தின் உயிர் இருக்கிறது. ஆகவே விதியைக் கண்மூடிப் பின்பற்ற வேண்டா. முடிவு வெறும் வியப்பாயின் மறைக்கலாம். முடிவே பொருளாயின் சொல்லியாக வேண்டும்.

மாணவர்கள் எழுதும் வரிகளில் பெரிதும் காணப்படும் குறை, தலைப்பைக் கதையென மயங்குவது. "முல்லைப் பெரியாற்றுச் சிக்கலால் பிரிந்த இரு குடும்பங்களின் பாசப் போராட்டம்" என்பது போல எழுதுகின்றனர். இதில் ஆள் இல்லை, நாள் இல்லை. எவரும் எதையும் செய்யவில்லை. 'பாசப் போராட்டம்' என்பது சுவரொட்டிக்காரர் மொழி. இதனையே இவ்வாறு மாற்றிப் பார்க்கலாம்: "2011 டிசம்பரில் கம்பம்மெட்டு வழி அடைபட்டிருக்க, மறுநாள் நடக்கவுள்ள மகளின் நிக்காஹ்வுக்காக நெடுங்கண்டத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டாரை இரவோடிரவாக அழைத்து வரும் கம்பத்து ஜீப் ஓட்டுநர், அஞ்சி நடந்தே மலையிறங்கும் தம் ஊர்க் கூலிப் பெண்களை வழியில் காண்கிறார், வண்டியில் இடமில்லை." இவ்வரியில் எவருக்கும் பெயரில்லை, தொழில் இருக்கிறது. பெயர் கேட்போர் மனத்தில் நில்லாது; தொழில் நிற்கும். அந்த அத்தா என்ன செய்வார் என்று கேட்கத் தோன்றினால் வரி வென்றது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அது வெளிப்படும் வடிவத்துக்கே உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாக்கியது. எனவே முழுக்கதையையும் எழுதிப் பதிவு செய்த பின்னரே ஒரு வரியைப் பிறரிடம் சொல்லுதல் நலம்.

"திரைப்படம் நமக்கு எதற்கு?" என்று வினவும் பெரியோர் நம்மிடையே உள்ளனர். அவர்தம் கவலையை நான் எளிதாகத் தள்ளவில்லை. ஆயினும் கவி கா.மு. ஷெரீப் திரைக்குப் பாட்டெழுதினார். நாகூரைச் சேர்ந்த ரவீந்தர் என்னும் காஜா மொகிதீன், 'நாடோடி மன்ன'னுக்குக் (1958) கண்ணதாசனுடன் இணைந்து உரையாடல் எழுதினார். அவர்கள் நுழைந்த வாசலில் பின்வந்தோர் பலர் நுழையவில்லை. விளைவு நாம் அறிந்ததே. திரையில் நம்மவர் ஒன்று பிரியாணி விருந்து படைக்கும் நல்ல பாய். அன்றேல் வெடிகுண்டு வைப்பவர். கம்பத்துத் திராட்சைத் தோட்டத்திலும், போடி ஏலக்காய் வணிகத்திலும், உத்தமபாளையத்து வகுப்பறையிலும் வாழும் இராவுத்தர் குடும்பத்தைத் திரையில் தேடிக் காண வேண்டியிருக்கிறது.

2013-இல் 'விஸ்வரூபம்' வெளிவரவிருந்த வேளையில் முஸ்லிம் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. தமிழக அரசு தற்காலிகத் தடை விதித்தது. சில மாற்றங்களுக்குப் பின் பிப்ரவரியில் படம் வெளிவந்தது. அந்த எதிர்ப்பின் நியாயத்தை இங்கு ஆராய வரவில்லை. நாம் பேசத் தொடங்கிய காலத்தை மட்டும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். படம் எடுத்து முடிந்து, திரையரங்குக்கு வரும் நாளில் பேசினோம். யார் நாயகன், யார் பகைவன் என்பது அக்கதையின் முதல் வரி எழுதப்பட்டபோதே முடிவாகியிருக்கும். அந்த வேளையில், அந்த அறையில், நம் பிள்ளைகளுள் ஒருவரேனும் தம் வரியோடு அமர்ந்திருக்க வேண்டாவா?

படைப்பிலக்கியப் பயிற்சியில் கவிதை, சிறுகதையோடு இதனையும் சேர்க்கலாம். திங்களுக்கு ஒருமுறை மாணவர் ஒவ்வொருவரும் முப்பது சொற்களுக்குள் ஒரு வரி எழுதி வரட்டும். அதனை வகுப்பில் படித்த பின் ஆசிரியர் விளக்கம் கேட்கலாகாது, மற்ற மாணவர்களே "பிறகு?" என்று கேட்கிறார்களா என்று மட்டும் பார்த்திருக்க வேண்டும்.