பரிசு பெறாத பன்னிரண்டு ஆண்டுகள்



அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1984 முதல் 1996 வரை 'மர்டர், ஷீ ரோட்' என்னும் துப்பறியும் தொடர் ஒளிபரப்பாயிற்று. மேய்ன் மாநிலத்துக் கடலோரச் சிற்றூரில் வாழும் கைம்பெண், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை, மர்மக்கதை எழுத்தாளர் ஜெசிகா பிளெட்சரே அதன் தலைவி. அவ்வேடம் தாங்கிய ஏஞ்சலா லான்ஸ்பரிக்குத் தொடக்கத்தில் அகவை 58. பெரும்பாலான ஆண்டுகளில் ஞாயிறு இரவுகளில் அதனைக் கண்டு மகிழ்ந்தோர் கோடிக்கணக்கானோர்.

பன்னிரண்டு ஆண்டுகளும் எம்மி விருதுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. பன்னிரண்டு முறையும் பரிசு பிறரைச் சேர்ந்தது. திறமைக் குறைவோ? அன்று, தொடர் தொடங்குமுன்பே மேடை நடிப்புக்கான டோனி விருதை நான்கு முறை வென்றவர் அவர். இதே வேடத்திற்குக் கோல்டன் குளோப் விருதும் நான்கு முறை கிடைத்தது.

1985 முதல் 1988 வரை எம்மி பரிசு, பெண் காவலர் இருவரின் துயரங்களைச் சித்திரித்த 'காக்னி அண்ட் லேசி' நடிகையருக்கே சென்றது. அவர்களும் தகுதியுடையோரே. ஆயினும், கண்ணீர் சிந்தினால் கலை, புன்னகையோடு புதிரை அவிழ்த்தால் வெறும் பொழுதுபோக்கு என்று தரம் பிரிப்பது முறையாகுமா? ஒரே பாத்திரத்தை 264 பகுதிகளில் சலிப்பின்றி உயிர்ப்பித்தல் எளிய செயலன்று. எளிதெனத் தோன்றச் செய்ததே அவர் குற்றமாயிற்று போலும்!

2022-இல், தம் 96-ஆம் அகவையில், அவர் மறைந்தார். எம்மி இறுதிவரை கிட்டவில்லை. நம் இல்லங்களிலும் முகமலர்ந்து உழைப்போரின் அருமையை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம் அல்லவா?