பின்வாசல் சாவி யாரிடம்?

"திருட்டைத் தடுப்பது காவல் பிரிவின் வேலை, விபத்தைத் தடுப்பது பாதுகாப்பு அதிகாரியின் வேலை, அவரவர் வேலையை அவரவர் பார்த்தால் போதும்" என்று எழுதுகிறார் நண்பர் ஒருவர். கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் கதவு ஒன்றுதானே ஐயா?

1911 மார்ச் 25, நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை. துணி திருடுபோகக் கூடாதென்று, வேலை முடிந்து போகும் பெண்களின் கைப்பையைச் சோதித்து ஒரே வழியாக அனுப்புவார்கள். அதற்காக ஒன்பதாம் மாடியின் இன்னொரு கதவு பூட்டிக் கிடந்தது. தீயில் 146 பேர் மாண்டார்கள். 1991இல் வட கரோலினாவின் ஹேம்லட் ஊர் ஆலைத் தீயிலும் பூட்டிய கதவுகள், 25 உயிர்கள். அங்கே காக்கப்பட்டது கோழிக்கறி! தீயை மறந்து, திருட்டை மட்டும் நினைத்துப் போட்ட பூட்டுகள் இவை.

உள்ளிருந்து தள்ளினால் திறந்து, திறந்ததும் மணி அலறும் கதவு ஒன்றும் புதுச்சரக்கல்ல. திருடனும் மாட்டுவான், தொழிலாளியும் பிழைப்பார். அதை வாங்கச் சொல்ல காவல் பிரிவும் பாதுகாப்பு அதிகாரியும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். கதவு மட்டுமல்ல, தீ மணி அடித்தால் உள்ளே எத்தனை பேர் என்று சொல்லும் வருகைப் பதிவேடு வாயில் காவலரிடம்தான் இருக்கிறது. அவரைத் தீப் பயிற்சிக்கு அழைக்காமல் யாரை அழைப்பது?

நண்பர் நாளைக் காலை தம் ஆலையின் பின்வாசல் சாவி யாரிடம் இருக்கிறதென்று விசாரித்துவிட்டு, பிறகு எழுதட்டும்.