உல்லாசப் படகின் வரைபடத்தில் மக்கள் எங்கே?

பணம் படைத்த சீமான்கள் கடலில் உல்லாசப் பயணம் போவது புதிய விஷயமல்ல. அன்று ராஜாக்கள் போனார்கள், பிரபுக்கள் போனார்கள். இன்று கம்பெனி முதலாளிகளும் பங்குச் சந்தைச் சூரர்களும் போகிறார்கள். போகட்டும். அவர்கள் போகும் வழியை எப்படித் தீட்டுகிறார்கள்? தீட்டும்போது எதையெல்லாம் பார்க்கிறார்கள்? எதைப் பார்க்க மறுக்கிறார்கள்? இதுதான் நமது கேள்வி.

கரீபியன் கடலில் செயின்ட் வின்சென்ட் தீவுக்கும் கிரெனடாவுக்கும் இடையே, வடக்கு தெற்காகச் சுமார் 60 மைல் தூரத்துக்குச் சிறு தீவுகள் மாலை கோத்தாற்போலக் கிடக்கின்றன. கிரெனடீன்ஸ் என்று அவற்றுக்குப் பெயர். வடபகுதித் தீவுகள் செயின்ட் வின்சென்ட் நாட்டைச் சேர்ந்தவை; தென்கோடியில் உள்ள கரியாகூவும் பெட்டி மார்ட்டினீக்கும் கிரெனடாவைச் சேர்ந்தவை. மோட்டார் உல்லாசப் படகு வைத்திருக்கும் கனவான்களுக்கு இதைவிட வாய்ப்பான கடல் கிடைப்பது அரிது. ஒரு தீவில் நின்றால் அடுத்த தீவு கண்ணுக்குத் தெரியும். காலையில் நங்கூரம் எடுத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அடுத்த தீவு!

வழி போடும் வித்தை

இந்தத் தீவுகளின் ஊடே ஏழு நாள், பத்து நாள் என்று பயணத் திட்டம் போடுகிறவர்கள் கெட்டிக்காரர்கள்தான். படகின் அடிப்பாகம் எத்தனை அடி நீரில் இறங்கும், எந்தக் குடாவில் எத்தனை பாகம் ஆழம் என்று கணக்கிடுகிறார்கள். பவளப்பாறைகளுக்கு நடுவே புகவேண்டுமானால் சூரியன் உச்சிக்கு வந்த பிறகே புகவேண்டும் என்று எழுதிவைக்கிறார்கள். அப்போதுதான் நீரின் நிறம் பார்த்துப் படகு செலுத்தலாம். நீலம் என்றால் ஆழம், வெளிர் பச்சை என்றால் மணல், பழுப்பு என்றால் பாறை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்கிலிருந்து கொண்டல் காற்று பலமாக வீசும். ஆகவே தீவுகளின் மேற்குப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று குறிக்கிறார்கள். கிரெனடாவுக்கு வடக்கே சுமார் 5 மைலில் கடலுக்கடியில் ஓர் எரிமலை இருக்கிறது. அதற்குக் 'கிக் எம் ஜென்னி' என்று பெயர். 1939-ல் அது கடலைப் பிளந்துகொண்டு பொங்கியது. அதைச் சுற்றி எவ்வளவு தூரம் விலகிப் போக வேண்டும் என்பதும் குறிப்பில் உண்டு. யூனியன் தீவில் ஒரு நாட்டின் முத்திரை, கரியாகூவில் மறு நாட்டின் முத்திரை. அதற்கு எத்தனை மணி நேரம் என்பதும் உண்டு.

இவை எல்லாம் தேவையான கணக்குகளே. கடலைக் கணக்கிடாமல் இறங்குகிறவன் மூடன். இதை நாம் குறை சொல்லவில்லை. நாம் குறை சொல்வது வேறு. ஒவ்வொரு பாறைக்கும் அந்த வரைபடத்தில் ஒரு குறி இருக்கிறது. அங்கே வாழும் மனிதனுக்கு மட்டும் குறி இல்லை! தீவுகள் என்னவோ நேற்றுத்தான் கடலிலிருந்து முளைத்தன, சீமான்களின் வருகைக்காகவே காத்துக் கிடந்தன என்று எண்ணும்படி அந்தத் திட்டம் எழுதப்படுகிறது.

அந்த வழியிலேயே நாமும் போவோம். அவர்கள் குறிக்காததை நாம் குறிப்போம்.

பெக்வேயிலிருந்து முஸ்டீக் வரை

செயின்ட் வின்சென்டிலிருந்து 9 மைல் தெற்கே பெக்வே. அங்கிருந்து தென்கிழக்கே முஸ்டீக்கை நோக்கிப் போகும்போது இடக்கைப் பக்கம் ஒரு வறண்ட தீவு தெரியும். பெயர் பல்லிசோ. உல்லாசப் பயணிக்கு அங்கே இறங்க ஒன்றுமில்லை. ஆனால் அங்கே நடந்தது என்ன? செயின்ட் வின்சென்டின் சொந்த மக்களான கரிஃபூனாக்கள் பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்தை எதிர்த்து ஆயுதம் ஏந்திப் போராடினார்கள். அவர்கள் தலைவன் சட்டோயர் 1795 மார்ச் 14-ல் களத்தில் மடிந்தான். தோற்ற மக்களை, பெண்களும் குழந்தைகளும் உட்பட 4,000-க்கு மேற்பட்டவர்களை, 1796-ல் பல்லிசோவில் கொண்டுபோய்த் தள்ளினார்கள். குடிக்கத் தண்ணீரில்லாத தீவு அது! சில மாதங்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் நோயில் மாண்டார்கள். மிஞ்சியவர்களை 1797-ல் கப்பலேற்றி ஹோண்டுராஸ் கரைக்கு அப்பாலுள்ள ரோட்டான் தீவில் இறக்கிவிட்டார்கள். ஒரு ஜாதி ஜனங்களின் சுடுகாடு அந்தத் தீவு. பின்னாளில் அது தனியார் சொத்தாயிற்று. விற்பனைக்கு விளம்பரமும் செய்யப்பட்டது. அத்தனை காலத்துக்குப் பிறகு, 2025 மார்ச்சில்தான் செயின்ட் வின்சென்ட் அரசு அதைப் பொதுவுக்கென்று கையகப்படுத்தியது.

சுடுகாட்டைத் தாண்டியதும் சொர்க்கம்! முஸ்டீக் தீவை 1958-ல் ஓர் ஆங்கிலப் பிரபு 45,000 பவுனுக்கு விலைக்கு வாங்கினார். 1960-ல் இங்கிலாந்து ராணியின் தங்கை மார்கரெட்டுக்குக் கல்யாணப் பரிசாக அங்கே ஒரு மனை கொடுத்தார். இன்று தீவு முழுவதும் மாளிகைக்காரர்களின் கம்பெனிக்குச் சொந்தம். தீவில் பிறந்து வளர்ந்தவனுக்கு எத்தனை பவுன் கிடைத்தது? எந்தப் பரிசு கிடைத்தது? பயணத் திட்டத்தில் இதற்குப் பதில் தேடாதீர்கள். கடற்கரை மதுச்சாலையின் பெயர்தான் கிடைக்கும்.

கானோவானில் என்ன நடந்தது?

அடுத்தது கானோவான். 1990-களில் இந்தத் தீவின் பெரும்பாதி ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்குக் குத்தகைக்குப் போயிற்று. தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த பாதைகளை மறித்தார்கள். கடற்கரை பொதுச்சொத்து என்பது அந்த நாட்டின் சட்டம். சரி, கடற்கரை பொது; கடற்கரைக்குப் போகும் பாதை? பாதை தனியார் வசம் என்றால், பொதுக் கடற்கரைக்கு வானத்திலிருந்தா குதிப்பது? மக்கள் எதிர்த்தார்கள், வழியை மறித்துப் போராடினார்கள். இன்று அதே தீவில் பெரும் உல்லாசப் படகுகளுக்கென்றே ஒரு துறை வெட்டப்பட்டிருக்கிறது. தனி விமானங்கள் இறங்குவதற்காக ஓடுபாதை நீட்டப்பட்டிருக்கிறது. கடல் வழியாக வருகிறவனுக்குக் கதவு அகலத் திறந்திருக்கிறது. உள்ளூரில் பிறந்தவன் வேலியோரமாகச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது!

அதற்கும் தெற்கே டொபேகோ கீஸ். ஐந்து குட்டித் தீவுகள்; ஆட்கள் வசிப்பதில்லை. சுற்றிலும் குதிரை லாடம்போல் வளைந்த பவளப்பாறை. கடலாமைகள் மேயும் கடற்புல் வெளி. 1999-ல் அரசு இவற்றைத் தனியாரிடமிருந்து விலைக்கு வாங்கி மக்கள் சொத்தாக்கியது. நல்ல காரியம். ஆனால் நங்கூரம் விழுந்தால் பவளம் உடையும். நங்கூரச் சங்கிலி புரண்டால் கடற்புல் வேரோடு பெயரும். பாறை செத்தால் மீன் இல்லை. மீன் இல்லையேல் யூனியன் தீவுச் செம்படவன் வீட்டில் அடுப்பு இல்லை.

தண்ணீர்! தண்ணீர்!

இந்தச் சிறு தீவுகளில் ஆறு கிடையாது. கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்துவைத்து வருஷம் முழுவதும் குடிக்கிறார்கள் ஜனங்கள். ஜனவரி முதல் மே வரை மழை குறைவு. தொட்டி வற்றும் காலம். வாளி வாளியாக எண்ணிச் செலவு செய்யும் காலம். உல்லாசப் படகுகள் வருவது எப்போது? டிசம்பர் முதல் ஏப்ரல் வரை! அதே மாதங்களில்தான். கடல் நீரைக் குடிநீராக்கும் யந்திரம் படகிலேயே உண்டு. தட்டில் படிந்த உப்பை நல்ல தண்ணீரால் கழுவுகிறார்கள். குளிர்சாதனத்துக்காக இரவெல்லாம் டீசல் யந்திரம் ஓடுகிறது. கரையில் தாய் ஒருத்தி தொட்டிக்குள் எட்டிப் பார்த்து எத்தனை நாளுக்கு வரும் என்று மனக்கணக்குப் போடுகிறாள். படகுக்கும் அவளுக்கும் நடுவே அரை மைல் தூரம்கூட இல்லை.

ஜூன் 1 பிறந்ததும் சீமான்களின் படகுகள் மறைந்துவிடும். நவம்பர் 30 வரை சூறாவளிக் காலம். அந்த எல்லைக்குள் படகை நிறுத்தினால் நஷ்டஈடு தரமாட்டோம் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி மிரட்டும். படகு போய்விடும். வீடு எங்கே போகும்? 2024 ஜூலை 1-ந் தேதி 'பெரில்' சூறாவளி மணிக்கு 150 மைல் வேகத்தில் கரியாகூவில் கரையேறியது. அரை மணி நேரத்தில் கரியாகூ தரைமட்டமாயிற்று என்றார் கிரெனடா பிரதமர் டிக்கன் மிச்செல். யூனியன் தீவில் நூற்றுக்குத் தொண்ணூறு வீடுகள் சேதமாயின அல்லது அழிந்தன என்றார் செயின்ட் வின்சென்டின் அன்றைய பிரதமர் ரால்ஃப் கொன்சால்வஸ். கடல் சூடேறச் சூடேறச் சூறாவளியும் வலுக்கிறது. கடலைச் சூடாக்கிய புகையில் யூனியன் தீவுச் செம்படவனின் பங்கு எவ்வளவு? மணிக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் டீசல் குடிக்கும் படகின் பங்கு எவ்வளவு? யார் செய்த கடனை யார் அடைக்கிறார்கள்!

"பிழைப்புத் தருகிறோமே!"

இப்போது எதிர்க்கட்சிக்காரர் எழுந்து கேட்பார்: "நாங்கள் வராவிட்டால் அவர்களுக்குப் பிழைப்பு ஏது? ரொட்டி விற்கிறார்கள், இறால் விற்கிறார்கள், மிதவையில் கயிறு கட்டிக் கொடுத்துக் காசு வாங்குகிறார்கள். நாங்கள் அல்லவா சோறு போடுகிறோம்?"

அலைகளுக்கு நடுவே சிறு படகில் வந்து ரொட்டி விற்கும் வாலிபனை நாம் வணங்குகிறோம். அவன் உழைப்பைக் கேவலமாகப் பேசமாட்டோம். ஆனால் கேட்கிறோம்: பயணச் செலவில் பெரும்பகுதி எங்கே கட்டப்படுகிறது? தூர தேசத்துத் தரகன் ஆபீசில் அல்லவா? பெரிய படகுகள் பலவற்றில் பறப்பது யார் கொடி? கேமன் தீவுகளின் கொடி, மார்ஷல் தீவுகளின் கொடி! எதற்காக? வரிக்கும் சட்டத்துக்கும் டிமிக்கி கொடுக்க வசதி என்பதற்காக! மேஜையிலிருந்து சிந்திய பருக்கையைக் காட்டி விருந்து போட்டதாகப் பெருமை பேசாதீர்கள்.

"கட்டணம் போட்டால் வேறு கடலுக்குப் போய்விடுவோம்" என்றும் பயமுறுத்துவார்கள். இந்தக் காற்றும், இந்தப் பாறையும், கூப்பிடு தூரத்தில் தீவும் வேறு எந்தக் கடலில் இத்தனை லகுவாகக் கிடைக்கும்? சரக்கு ஜனங்களுடையது. விலை சொல்லும் உரிமையும் ஜனங்களுடையதே.

இவர்களைக் கடல் அறியாதவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். கரியாகூவிலும் பெட்டி மார்ட்டினீக்கிலும் கடற்கரை மணலில் வைத்தே மரக்கலம் கட்டுகிறார்கள். அந்தத் தொழிலை 2023-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பொறுமைக்கு எல்லையும் உண்டு என்று காட்டியவர்கள் இவர்கள். 1979 அக்டோபர் 27-ல் செயின்ட் வின்சென்ட் சுதந்திரம் பெற்றது. ஆறு வாரத்துக்குள் யூனியன் தீவு வாலிபர்கள், எங்களை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்று ஆயுதம் ஏந்தினார்கள். அடக்குவதற்குப் பார்படோஸ் துருப்புக்களைக் கூப்பிட வேண்டியிருந்தது!

நமக்கென்ன என்று இதைப் படிக்கும் தமிழன் சொல்ல முடியாது. 1861 ஜூன் 1-ந் தேதி செயின்ட் வின்சென்டில் வந்து நின்ற 'திருவாங்கூர்' என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. அதில் சுமார் 260 பேர் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களுக்கும் ஒரு துரை கடல் வழி தீட்டித்தான் கொடுத்தான். அதிலும் ஆழம் இருந்தது, காற்று இருந்தது. மனிதன் சரக்காக மட்டுமே இருந்தான். அந்தக் கூலி மக்கள் 1882 அக்டோபர் 7-ல் கொடுமை தாங்காமல் தலைநகர் கிங்ஸ்டவுனுக்கு நடந்தே போய் நியாயம் கேட்டார்கள். அந்த நாளை இன்றும் அந்த நாடு கொண்டாடுகிறது.

நாம் கேட்பது என்ன?

படகே வரக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. கடலும் காற்றும் எல்லாருக்கும் பொது. உழைத்துக் களைத்தவன் ஒரு நாள் கடல் பார்க்கப் போனால் சந்தோஷப்படுகிறவர்கள் நாம். ஆனால் வழி போடுகிறவர்களுக்கும், அதை அனுமதிக்கும் அரசுகளுக்கும் சொல்கிறோம்:

ஒன்று: பவளத்தின்மேலும் கடற்புல்லின்மேலும் நங்கூரம் போடாதே, மிதவையில் கட்டு, கட்டணம் கொடு. அசுத்த நீரைக் குடாவில் திறந்துவிடாதே.

இரண்டு: படகின் நீளத்துக்கும் அது எரிக்கும் எண்ணெய்க்கும் தக்கபடி வரி போடு. அந்தப் பணம் முதலில் ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கும், பெரில் பெயர்த்த கூரைக்கும் போகட்டும்.

மூன்று: பொதுக் கடற்கரைக்குப் பொதுப் பாதை. வேலி எங்கே மறிக்கிறதோ அங்கே வேலி விலகட்டும், ஜனங்கள் விலகவேண்டாம்.

நான்கு: பல்லிசோவைக் கடந்து போகும் படகு யந்திரத்தை நிறுத்தி அங்கே மாண்டவர்களை ஒரு நிமிஷம் நினைக்கட்டும்.

பாறையை வரைபடத்தில் குறிக்காத மாலுமியின் படகு உடையும். மனிதனைக் குறிக்காத வரைபடமும் ஒருநாள் தரைதட்டும். அந்தத் தீவுகளின் மக்கள் 1795-லும், 1882-லும், 1979-லும் அதை எடுத்துச் சொல்லிவிட்டார்கள்!