பால் போதாதென்னும் பொய்

“பால் போதாது.” பிள்ளை பெற்ற மூன்றாம் நாளே இத்தீர்ப்பைக் கேட்கும் இளந்தாய்மார் எத்தனை பேர்! அயலார் சொல்வர், உறவினர் தலையசைப்பர், மாலையில் பால்மாப் பேணி வீடு வந்து சேரும். இத்தீர்ப்பை நாம் மறுக்கிறோம்.

பிறந்த குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது. முதல் நாட்களின் சீம்பால் அளவிற் சிறிதாயினும் அதற்குப் போதும். நாளொன்றுக்கு 8 முதல் 12 தடவை பாலுண்பது குழந்தையின் இயல்பு. குழந்தை உறிஞ்ச உறிஞ்சவே பால் ஊறும். இடையிலே புட்டி புகுந்தால் உறிஞ்சுதல் குறையும், சுரப்பும் குறையும். பொய்த்தீர்ப்பு இவ்வாறே மெய்யாக்கப்படுகிறது.

முலைக்காம்பு வெடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம், குழந்தை காம்பை மட்டும் கவ்வுவதே. வாயை அகலத் திறக்கச் செய்து, காம்பைச் சூழ்ந்த கருவட்டமும் உட்செல்லுமாறு அணைத்தால் நோவு தணியும். பால் கட்டிக்கொண்டால் அடிக்கடி ஊட்டலாம். கையாற் சிறிது பிழிந்தும் எடுக்கலாம். ஐந்தாம் நாளின் பின் நாளுக்கு ஆறு தடவையேனும் சிறுநீர் கழிந்து, எடையும் ஏறுமாயின் அஞ்சவேண்டியதில்லை. எடை ஏறாவிடினும், குழந்தை பாலுண்ண எழாது சோர்ந்து கிடந்தாலும் தாமதியாது மருத்துவரிடம் காட்டுக. மெய்யாகவே பால் குறைந்த தாயரும் உளர். அவரைப் பழிப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் 82 சதவீதத்தினர் தாய்ப்பால் ஒன்றையே உண்டனர். இந்நாட்டுத் தாயரின் உடலிற் குறையில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? குறை வேறிடத்தில் இருக்கிறது.

1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், பிற்காலத் திருத்தங்களோடு, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தொழிலாளிக்கு வேலைநேரத்தில் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளை வழங்குகிறது. ஆனால் மலையகத்துத் தோட்டங்கள் பலவற்றில், நிர்ணயித்த கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் ‘அரைப் பேர்’ விழும். மலையிலிருந்து பிள்ளைக் காம்பராவுக்கு இறங்கி ஏறும் நேரத்தைத் தராசு அறியுமா? சட்டம் தந்த மணித்தியாலத்தைக் கொழுந்துக் கணக்குப் பறித்துக்கொள்கிறது. மார்பு கனத்து, சேலை நனைய நிற்பவளிடம் தாய்மையின் மகிமையைப் பேசுவது கொடுமையன்றோ?

தோட்டத்தை மட்டும் சுட்டி நாம் தப்பிவிட முடியாது. ஆசிரிய நண்பர்களே! நம் பாடசாலைகளுள் எத்தனையில், ஓர் ஆசிரியை கதவை அடைத்து அமர்ந்து பால் பிழிந்து வைக்க ஓர் அறை உண்டு? அவளது பாடவேளையை ஏற்க நம்முள் எத்தனை பேர் முன்வந்தோம்?

தாய்ப்பாலின் சிறப்பைக் கட்டுரைப் போட்டிக்குத் தலைப்பாக்கியது போதும். அவளுக்கு வேண்டியவை நேரம், இடம், குறையாத கூலி, அருகிருந்து காட்டிக்கொடுக்கும் ஒரு மருத்துவமாது. இவற்றைக் கேட்டுப் பெறும் கடமை அவளுடையது மட்டுமன்று, நம்முடையதுமாகும்.